மடங்கிய காலர்

என் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, ஒரே ஒரு படத்துக்காகக் காலை எட்டு மணியிலிருந்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நானும்தான் நின்றேன். "பையைத் தூக்கவாவது அவளோட போங்களேன்" என்று வீட்டில் உத்தரவு. கிளம்பும்போது, "களைப்பா இருக்கா?" என்று மனைவி கேட்டாள். "சேச்சே, எனக்கென்ன?" என்றேன். இருபத்தெட்டு வருஷமாக அதே பதில்தான்.

பத்திரிகையில் மச்சினிக்குத் தற்காலிக வேலை. அது அன்றோடு முடிகிறது. உழைப்பாளிகள் பக்கத்துக்கு மாலைக்குள் ஒரு நல்ல படம் கொடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நானும் போட்டோக்காரன்தான். பாஸ்போர்ட் படம். தலையை நிமிர்த்து, காலரைச் சரிசெய், கண்ணைச் சிமிட்டாதே, கிளிக். இரண்டு நிமிஷத்தில் ஆளை அனுப்பிவிடுவேன். இவள் என்னடாவென்றால் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இஸ்திரிக்காரரோடு ஊர்க்கதை பேசினாள். அவர் போர்வை மடித்தால் மறுமுனையைப் பிடித்தாள். படம் எடுத்தபாடில்லை.

"ஏம்மா, படம் எடுக்க வந்தியா, துணி மடிக்க வந்தியா?"

"கேமராவைத் தூக்கினாலே வெறைப்பா நிக்கிறாரு அத்தான். நாம இங்க இருக்கிறதையே அவர் மறக்கணும்."

"அவர் மறக்கறதுக்குள்ள என் முட்டி கழண்டுடும்."

சிரித்தாள். ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

மூன்று மணிக்குக் கடைசிப் போர்வையும் முடிந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். எங்களை அடியோடு மறந்துபோனார். மச்சினி மெல்லக் கேமராவை உயர்த்தினாள்.

அவர் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போனது, கை தானாக நீண்டது. "காலர் கொஞ்சம்..." என்று சரிசெய்துவிட்டேன். அவர் திடுக்கிட்டு விறைத்து நின்று, பல் தெரியச் சிரித்தார்.

ஐயோ, பாவி! ஒரு நாள் உழைப்பை ஒரே நொடியில் கெடுத்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போலாம் அத்தான்" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் வழியெல்லாம் கேமராவில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

மறுநாள் காலை போன் செய்தாள். "வேலை உறுதியாயிடுச்சு அத்தான். பேப்பரைப் பாருங்க."

அதற்குள் மனைவி பேப்பரை விரித்திருந்தாள். நான் காலரில் கை வைத்த அதே நொடியில் மச்சினி எடுத்திருக்கிறாள். ஜன்னலைப் பார்த்தபடி இஸ்திரிக்காரர். பக்கத்திலேயே என் முகம். நாள் முழுக்க இஸ்திரி போட்டது யார் என்று கேட்டால், பார்க்கிறவர்கள் என்னைத்தான் காட்டுவார்கள்.

மனைவி என் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கீங்க?"

"சேச்சே" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

"முடியலம்மா" என்றேன்.