ரப்பர் பாய்க்கு அடியில்

குதிரையேற்றப் பள்ளியில் அவரை எல்லோரும் லாடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குதிரை உதைத்த உதையில் இடது தோளில் லாடத்தின் வடிவம் அப்படியே பதிந்துவிட்டது. முகத்தில் விழவேண்டியது தோளோடு போயிற்றே என்று அவரே சட்டையை விலக்கிக் காட்டிச் சிரிப்பார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்வதும், போட்டிகளுக்கு அவற்றை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவருவதும் அவர் வேலை.

ஏற்றிப்போக ஒரு அலுமினிய டிரெய்லர் இருந்தது. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுப்பது. உள்ளே இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாக நிற்கலாம். பத்து வருஷம் ஓடிய வண்டி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சக்கரங்களுக்குத் தவறாமல் கிரீஸ் வைப்பார். கதவுக் கீல் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வெளித்தகட்டை அவர் தேய்த்து வைத்திருப்பதைப் பார்த்து, போட்டிக்கு வரும் பிள்ளைகள் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வண்டியின் உயிர் வெளித்தகட்டில் இல்லை, தளத்தில் இருந்தது. அலுமினியப் பலகைகள் பாவிய தளம். குதிரைக்குக் கால் வழுக்காமல் இருக்க அதன்மேல் கனத்த ரப்பர் பாய்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சாணத்தையும் மரத்தூளையும் கூட்டி அள்ளிவிட்டு, அந்தப் பாய்களை வெளியே இழுத்துப் போட வேண்டும். ஒரு பாய் ஒரு ஆள் கனம் இருக்கும். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தளத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அப்புறம்தான் பாயைத் திரும்ப விரிக்க வேண்டும். குதிரையின் மூத்திரம் பாய்க்கு அடியில் தேங்கிவிட்டால் அலுமினியத்தை அரித்துவிடும். முதலில் வெள்ளையாக மாவு பூக்கும், பிறகு சின்னச் சின்னக் குழி விழும், பிறகு பலகை பலகையாகவே இருக்காது. இதையெல்லாம் லாடத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாயைத் தூக்காமல் வண்டியைக் கொட்டகைக்குள் விடுகிறவனை அவர் ஒரு காலத்தில் மனுஷனாகவே மதித்ததில்லை.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தி கையிலிருந்து நழுவியதைக் குனிந்து பார்த்தாள், அப்படியே சாய்ந்தாள். உயிர் பிழைத்தாள். பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கொடுப்பதுபோல் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. பகலில் பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துக்கொள்வார், ஆனால் நாலு மணிக்கு அவர் தன் வீட்டுக்குப் போயாக வேண்டும். எனவே நாலு மணிக்கு லாடம் வீட்டில் இருந்தாக வேண்டும்.

முதல் தடவை பாயைத் தூக்காமல் விட்டபோது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். மேலாகத் தண்ணீர் அடித்துவிட்டு, வெளித்தகட்டைத் துடைத்துவிட்டு ஓடினார். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த பயணம் வந்தது. ஒரு கட்டத்துக்குமேல், பாயைத் தூக்கிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. தூக்கினால் தெரிந்துவிடும். தெரிந்தால் பள்ளியை நடத்தும் முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டும். வெளியே வண்டி எப்போதும்போல் பளபளவென்று நின்றது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பள்ளியில் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை இருந்தது. அதற்குச் சீமாட்டி என்று பேர் வைத்தவரே லாடம்தான். இரண்டு தடவை கெஞ்சாமல் எந்த வண்டியிலும் ஏறாது. ஒரு போட்டிக்குக் கிளம்பிய அன்று காலை நாலு தடவை கெஞ்சியும் ஏறவில்லை. சாய்வுப்பலகையில் முன்னங்காலை வைத்து, மோந்து பார்த்து, பின்வாங்கிக்கொண்டே இருந்தது. போட்டிக்கு நேரமாகிவிட்டது. அவர் அதன் கழுத்தோடு கன்னத்தை வைத்து, "நான் இருக்கேன்ல தாயி, வா" என்றார். அது அவரை நம்பி ஏறியது.

ஊர் எல்லையைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது பின்னால் தடால் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக் கையை ஆட்டினார். நிறுத்தி, இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது, இடது பின்மூலையில் பலகை உடைந்து, சீமாட்டியின் பின்னங்கால் தொடை வரைக்கும் கீழே இறங்கியிருந்தது. ஓடும் சாலை அந்தக் காலை என்ன செய்திருந்தது என்று அவர் ஒரு தடவைதான் பார்த்தார். கால்நடை மருத்துவர் வர அரைமணி நேரம் ஆயிற்று. வந்தவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்தார். அந்த அரைமணி நேரமும் லாடம் அதன் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கத்தவில்லை. அவர் சட்டைப் பொத்தானை உதட்டால் தடவிக்கொண்டே இருந்தது.

முதலாளியம்மா அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் வினை. லாடம் பாயைத் தூக்காமல் விட்டிருப்பார் என்று நினைக்கவும் முடியாத அளவுக்கு அவருக்கு நம்பிக்கை. தன் கையாலேயே வளர்த்த குதிரை போன துக்கத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தவர், மூன்றாம் நாள் வெல்டரின் பெயரை எடுத்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சாய்வுப்பலகையின் கீலைப் பற்றவைத்த வெல்டர், தளத்தையும் பார்த்துவிட்டு, இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லியிருந்தார். பத்து வருஷம் என்று வாய் கூசாமல் சொன்னானே என்று முதலாளியம்மா தெரிந்த பள்ளிகளுக்கெல்லாம் போன் செய்து, இனி அந்தப் பட்டறைக்கு வண்டி அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த வெல்டர் வேறு யாரும் இல்லை. லாடத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி.

வந்த பழியை மைத்துனர் மறுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் அக்காவைப் பார்க்க வருகிறவர், அந்த வாரமும் வந்தார். அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டபடி, மாமாவிடம், "பார்த்தேன் மாமா, நல்லாத்தான் பார்த்தேன். ஆனா எங்கயோ ஒரு விரிசல விட்டிருக்கேன் போல" என்றார். ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றும், வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தால் கை நடுங்குகிறது என்றும், வந்த இரண்டு வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். லாடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைத்துனர் போகும்போது, "நீங்க மனச விட்டுடாதீங்க மாமா. நீங்களும் அந்தக் குதிரையும் எப்படின்னு எனக்குத் தெரியும்" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

இப்படிப் பதினேழு நாள் போயிற்று. அன்று சாயங்காலம் அவர் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, இடது கையால் கரண்டியை மெல்லத் தள்ளினாள். எதையோ பேச வேண்டும் என்றால் அவள் அப்படித்தான் செய்வாள். அவர் காத்திருந்தார்.

"முன்னெல்லாம்... வண்டி போன நாள்ல... இருட்டுன பிறகுதான் வருவீங்க" என்றாள்.

அவர் கரண்டியால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப... நாலு மணிக்கு வந்துடுறீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப... பாயை யாரு தூக்குனா?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பதினேழு நாளும் படுத்தபடி, ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்து, கடைசியில் தன் தம்பிக்கு வந்த கெட்ட பெயருக்குத் தானே காரணம் என்ற இடத்துக்கு அவள் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் கை அவர் தலைமேல் வந்து விழுந்து கிடந்தது. "உன்னால இல்ல. நான்தான். நான்தான் தூக்கல" என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனார். கதவு பாதிதான் திறந்திருந்தது. காஸ் சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அவை நின்ற இடத்தில் தரையில் வட்ட வட்டமாகத் துருக்கறை. மைத்துனர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து யாருடைய ஜன்னல் கம்பிக்கோ பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நகரத்தைத் தாண்டி பஸ் பாடி கட்டும் இடத்தில் பெயின்ட் வேலை கேட்டிருப்பதாகவும், அடுத்த மாதம் போவதாகவும், மாமாவைப் பார்த்த சந்தோஷத்தில் அவரே பேச ஆரம்பித்தார். லாடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. பாய்க்கு அடியில் வெள்ளை பூத்திருந்ததை ஒரு தடவை ஓரத்தில் தூக்கிப் பார்த்ததையும், பார்த்துவிட்டுத் திரும்ப மூடியதையும்கூடச் சொன்னார். அதை மனைவியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

மைத்துனர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் ரொம்ப நேரம் வழித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே வந்து தூக்கிருப்பேனே மாமா" என்றார் கடைசியில். "எங்க அக்காவுக்காகத்தான ஓடினீங்க. நான் வரமாட்டேன்னா சொல்லிருப்பேன்?"

கேட்டிருக்கலாம், லாடத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் தன் தலையில்தான் என்று நினைத்துவிட்டார். மைத்துனர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லாடம் வெளியே வந்தார்.

அங்கிருந்து பள்ளிக்குப் போய் முதலாளியம்மாவிடம் சொன்னார். கடிவாளம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தவில்லை. எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் என்றார் லாடம். முதலாளியம்மா அவரை ஏறிட்டுப் பார்க்காமல், "அன்னைக்கு அவ ஏறமாட்டேன்னு நின்னாளாமே" என்றார். ஆமாம் என்றார் லாடம்.

முதலாளியம்மா நேர்மையான மனுஷி. அன்றைக்கே முன்பு பேசிய பள்ளிகளுக்கெல்லாம் திரும்பப் போன் செய்து, வெல்டர்மேல் தவறில்லை என்று சொன்னார். கேட்டவர்கள் சரி சரி என்றார்கள். ஆனால் அதற்குள் எல்லோரும் வேறு பட்டறை பிடித்திருந்தார்கள். லாடத்தை அவர் அனுப்பிவிடவில்லை. இனி வண்டி வேண்டாம், லாயத்தோடு இருங்கள் என்றார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் லாயத்துக்குப் போனார். சீமாட்டி நின்ற கட்டுத்தறியை அன்றும் கூட்டிப் பெருக்கினார். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

உடைந்த தளத்தை மாற்ற முதலாளியம்மாவே பட்டறைக்கு நடந்துபோய் மைத்துனரைக் கூப்பிட்டார். இரண்டு தடவை முடியாது என்றவர், மூன்றாம் தடவை வாடகை சிலிண்டரோடு வந்தார். நாலு நாள் வேலை. பலகையைப் பிடித்துக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. லாடம் போய்ப் பிடித்தார். "இந்தப் பக்கம்", "கொஞ்சம் தூக்குங்க", "கண்ண மூடிக்கோங்க" — நாலு நாளில் மைத்துனர் சொன்னது இவ்வளவுதான். முதல் நாள் அவர் கை நடுங்கியது. இரண்டாம் நாள் குறைந்தது. நாலாம் நாள் பற்றவைத்த கோடு நூல் பிடித்ததுபோல் ஓடியது. லாடத்துக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்.

வேலை முடிந்த மறுநாள் மைத்துனர் பஸ் பாடி கட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்முன் அக்காவைப் பார்க்க வந்திருக்கிறார், மாமா லாயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து. நாலு மணிக்கு லாடம் வீட்டுக்கு வந்தபோது மனைவியின் தலை வாரிப் பின்னப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டம்மாவுக்கு இவ்வளவு இறுக்கமாகப் பின்ன வராது.

"வந்தானா?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

அவள் வார்த்தையைத் தேடினாள். கிடைத்தும் சொல்லாமல் விட்டாளா, கிடைக்கவே இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு கஞ்சி வேண்டும் என்று அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.