ஷட்டர் இறக்காத மஞ்சள் கடை

மதுரை சிம்மக்கல் மசாலாக் கடைக்காரர்களிடம் ஒரு ஒற்றுமை உண்டு. உணவு ஆய்வாளரின் ஜீப் முனையில் திரும்பினால் போதும், அத்தனை ஷட்டரும் ஒன்றாக இறங்கும். சங்கக் கூட்டத்தில்கூட அப்படி ஒரு ஒற்றுமையைப் பார்க்க முடியாது.

தொண்ணூற்றாறில் ஒருநாள் மஞ்சள் கடை நாகமணி மட்டும் இறக்கவில்லை. தானே பொறுக்கி வாங்கிய விரலி மஞ்சள், தானே நின்று அரைத்த தூள். எதற்கு ஒளிய வேண்டும்? ஆய்வாளர் அனந்தபத்மநாபன் வந்தார். தூளை மூன்று பாட்டிலில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கிப் போனார்.

ஜீப் போனதும் ஷட்டர்கள் ஏறின. சாம்பிள் எடுத்தார்கள் என்ற சேதி, சாயங்காலத்துக்குள் கலப்படம் பிடிபட்டது என்றாகிவிட்டது. எட்டு வருஷமாக வாங்கிய மெஸ்காரர் சோணை, எதிர்க்கடை மலையாண்டியிடம் போய்விட்டார். அங்கே மஞ்சள் கண்ணைப் பறிக்கும்.

"கோவிச்சுக்காதீக அக்கா. ரிசல்ட்டு வரட்டும், நானே வாரேன்."

இரண்டு மாதமாகியும் ரிசல்ட் வரவில்லை. நாகமணி ஆய்வாளர் ஆபீசுக்கே போனாள்.

"தப்பிருந்தாத்தான்மா லெட்டர் வரும்" என்றார் கிளார்க்.

"அப்ப ஒழுங்கா யாவாரம் பண்றவளுக்குக் காகிதமே கிடையாதாக்கும்?"

"ரூல்ல இல்லம்மா."

மறுவாரம் ஜீப் வந்தது. ஷட்டர்கள் விழுந்தன. நாகமணி ஜீப்பை மறித்து நின்றாள்.

"சார், எங்கடையில மறுபடி எடுங்க."

"எதுக்கும்மா? உங்க மஞ்சள் சுத்தம்னு அப்பவே வந்துருச்சே."

"அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஷட்டருக்குப் பின்னால ஆளு இருக்கு."

மூடிய ஷட்டர்களையே பார்த்துச் சலித்திருந்த மனிதர் அவர். தெருவே கேட்கச் சொன்னார்: "நாகமணியம்மா கடை மஞ்சள்ல சாயமும் இல்ல, கலப்படமும் இல்ல."

மலையாண்டி கடைக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் வந்தது. சரக்கு வாங்க வந்த இடத்தில் சோணையும் உள்ளே மாட்டியிருந்தார்.

"மலையாண்டிண்ணே, ஷட்டரத் தூக்குங்க, நான் போகணும்."

"சும்மா இரு மாப்ள, அவரு போகட்டும்."

"நீங்க தூக்குறீகளா, நான் தூக்கவா?"

ஷட்டர் முழங்கால் உயரம் ஏறியது. சோணை வெறும் பையோடு குனிந்து வெளியே வர, அனந்தபத்மநாபன் மூன்று பாட்டிலோடு குனிந்து உள்ளே போனார்.

"அக்கா, ரெண்டு கிலோ போடுங்க" என்றார் சோணை, தரையைப் பார்த்தபடி.

நாகமணி தராசைத் துடைத்து, நிதானமாக நிறுத்தாள். அவருக்கு வழக்கமாகக் குறைக்கும் இரண்டு ரூபாயை அன்று குறைக்கவில்லை. சோணையும் கேட்கவில்லை.