நானூறு ஓடு

தொண்ணூறு ரூபாய் இருநூற்று நாற்பதாக ஏறியிருந்தது. இன்சூரன்ஸ் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தைப் பேணாட் மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாம் தரமும் வாசித்தார். வீட்டுக்குக் கட்டவேண்டிய பிரீமியம் ஒரு சதமும் குறையவில்லை.

"பகற்கொள்ளை!" என்று அவர் போட்ட சத்தத்தில், குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி மக்டலின் கத்தியோடு வெளியே வந்தாள்.

பாலையூற்றில் அந்தக் குறுக்குத்தெருவின் பன்னிரண்டு வீட்டுக்கும் அதே கடிதம்தான். பின்னேரம் முழுத் தெருவும் பேணாட்டின் வாசல் படலையடியில் நின்றது. வேறு எங்கே போகும்? கடற்படை டொக்யாட்டில் கடிதம் அடிக்கும் ரைப்பிஸ்டாக இருந்தவர் அவர். வெள்ளைக்காரன் போகும்போது ஏலத்தில் எடுத்த ரைப்ரைட்டர் ஒன்றும் வைத்திருந்தார். அதில் 'எஸ்' எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே துள்ளும். துள்ளினால் என்ன, தெருவின் இங்கிலீசுக் கடிதமெல்லாம் அதிலிருந்துதான் பிறந்தன.

கூட்டத்தில் தங்கேஸ்வரியும் நின்றாள். புருசனை இழந்தவள், சட்டை தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"அண்ணை, மாதம் முடியமுன்னம் கட்டாட்டி நிப்பாட்டிப் போடுவாங்களாம். மாரி வருகுது. திரும்பவும் ஓடு பறந்தால் நான் என்னத்தைக் கொண்டு போடுறது? இருநூற்றி நாப்பது எனக்கு ஏலாது."

"நான் குறைப்பிக்கிறன் தங்கச்சி. இது என்ட வாக்கு."

அடுத்தநாள் காலை, பன்னிரண்டு கையெழுத்தோடு ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தை மடித்துக்கொண்டு பஸ் ஏறினார். கந்தோரில் ஒரு மரக்கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருத்திவைத்தார்கள். கடைசியில் கூப்பிட்ட கிளாக்கர் முனாப்புக்கு அவருடைய வயதில் பாதிகூட இராது.

"சூறாவளியாலதான் கூட்டினதெண்டு கடிதத்தில கிடக்கு. அது மட்டக்களப்பை அடிச்சது. ரெண்டு வருசம் கழிச்சு அதுக்கு நாங்கள் ஏன் தம்பி அழவேணும்?"

"எல்லாற்ற காசும் ஒரே பெட்டிக்குள்ளதான் ஐயா. அங்க நட்டஈடு குடுத்ததில பெட்டி காலி. சீமெந்து விலையும் ஓட்டு விலையும் ஏறிட்டுது. அதால எல்லாருக்கும் நூற்றி முப்பதாக் கூட்டினது. மிச்சம் உங்கட தெருவால."

"தெருவாலயோ? எங்கட தெரு என்ன செய்தது?"

முனாப் எழுந்துபோய் ஒரு கோப்பை எடுத்துவந்து விரித்தான். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து வந்த நட்டஈட்டுக் கடிதங்கள். நானூறு ஓடு. நானூறு ஓடு. பதினொரு கடிதத்திலும் நானூறு ஓடு.

அந்தக் காற்றின் வால் பட்டுப் பேணாட்டின் கூரையில் போனது நாற்பது ஓடு. மீன் சந்தையில் பழகிய புத்தி, கேட்டதில் பாதிக்குமேல் வெட்டுவான்கள், கூட்டிக் கேட்டால்தான் உள்ளது கிடைக்கும் என்று நினைத்து ஒரு பூச்சியத்தைச் சேர்த்து அடித்தார். அந்த அமளிக்குள் ஒருவனும் வந்து பார்க்கவில்லை, வெட்டவுமில்லை. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டான்கள். அதைக் கண்டு தெருவும் வரிசையில் வந்தது. தங்கேஸ்வரி மட்டும், "முப்பத்தஞ்சுதானே அண்ணை போனது, முப்பத்தஞ்செண்டே அடியுங்கோ" என்றாள். பிழைக்கத் தெரியாத மனுசி என்று அன்றைக்கு அவர் சிரித்தார். நுணல் தன் வாயால் கெட்டது, பேணாட் விரலால் கெட்டார்.

"சுத்திவர நானூறு, நடுவில ஒரு வீட்டுக்கு மட்டும் முப்பத்தஞ்சு. காத்து ஆள் பாத்தோ அடிச்சது ஐயா?" என்ற முனாப், புதுக் கடிதத்தையும் வாங்கிப் பழையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தான். பன்னிரண்டிலும் 'எஸ்' துள்ளியது, பதின்மூன்றாவதிலும் துள்ளியது. அவன் எழுத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான்.

"அவ்வளவு சேதம் வரேல்லையெண்டு ஆராவது எழுதித் தந்தால், உங்கட தெருவைத் திருப்பிப் பாக்கச் சொல்லலாம். ஆனா எழுதுறவர் கூட வாங்கின காசைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்."

"பஸ் போயிடும், நான் வாறன்" என்று பேணாட் எழும்பினார். அப்போது காலை பதினொரு மணி.

பஸ்ஸில் இன்சூரன்ஸ்காரனைத் திட்டினார், காற்றைத் திட்டினார், அந்தப் பொடியனின் பார்வையைத் திட்டினார். எவரைத் திட்டியும் ஆறவில்லை.

படலையடியில் தங்கேஸ்வரி காத்து நின்றாள்.

"குறைச்சவங்களோ அண்ணை?"

"ஏலாதாம்."

"பரவாயில்லை. எனக்காக இந்த வெயிலுக்குள்ள அலைஞ்சிருக்கிறீங்கள். அப்ப, என்ட இன்சூரன்ஸை நிப்பாட்டச் சொல்லி ஒரு கடிதம் அடிச்சுத் தாங்கோ அண்ணை" என்றாள்.

பேணாட் உள்ளே போய்த் தாளைச் சுருட்டி ஏற்றினார். திகதி அடித்தார், தங்கேஸ்வரியின் பெயரை அடித்தார். தலையை நிமிர்த்தினால் எதிரே கண்ணாடி பதித்த அலுமாரி. பறக்காத முந்நூற்று அறுபது ஓட்டில் வாங்கிய அலுமாரி. அதற்குள் ஒரு கிழவன் இவரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"சீ, இதுவும் ஒரு சீவியமா!" தாளை இழுத்துக் கிழித்தார். வேறு தாள் ஏற்றி, மேசை ஆடும்படி அடிக்கத் தொடங்கினார்.

"இஞ்சேருங்கோ, ஏன் அதைப் போட்டு இந்த அடி அடிக்கிறியள்?" என்று மக்டலின் ஓடிவந்தாள்.

"அலுமாரியை வாங்க ஆரும் இருக்கினமோ எண்டு விசாரி."

"விசரோ உங்களுக்கு?"

"ஓம், எழுபத்தெட்டில பிடிச்ச விசர். நாளைக்கு இந்தத் தெரு என்னைக் காறித் துப்பும், அப்பவும் வந்து கேள்."

வெளியிலிருந்து தங்கேஸ்வரி, "முடிஞ்சுதோ அண்ணை?" என்றாள்.

"பொறு தங்கச்சி. இது உன்ட கடிதமில்லை, என்டது."

தன் பெயரை அடித்தார். வீட்டு இலக்கத்தை அடித்தார். சூறாவளியில் உண்மையாகப் போன ஓடுகள் என்று அடித்து, நாலை அடித்தார். ஒரு பூச்சியம் அடித்தார். அதோடு கையை எடுத்தார்.