ஆறு சிலிண்டர்

சம்பா அறுவடை முடிந்த மாசியில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஆறு பேர் அந்தமானுக்குப் போனார்கள், கடலுக்குள் முங்கிப் பார்க்க. அம்சவல்லி, அவள் கணவர் சாமிதுரை, அவருடைய தங்கை விஜயலட்சுமி, தங்கை புருஷன் புகழேந்தி, உரக்கடை மூஸா, மூஸாவின் மனைவி ஷமீரா. நான்கு நாள் பயிற்சி. முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய். உள்ளே மூச்சை அடக்கவே கூடாது என்று பயிற்சியாளர் தினமும் சொன்னார்.

"கொள்ளிடத்துல டப்பா கட்டிக்கிட்டா முங்குனோம்?" என்றார் சாமிதுரை. "ஒரே மூச்சுல அடிமணல் அள்ளிட்டு வருவேன், தம்பி."

"வயித்தைப் பாத்துப் பேசுங்க மாப்ள," என்றார் மூஸா. "இப்ப முங்குனா மிதக்கத்தான் செய்வீங்க."

கடைசி நாள் வானம் திடீரென்று கறுத்தது. குமட்டல் தாங்காமல் அம்சவல்லி முதலில் ஏறி, படகின் முன்பக்கம் சுருண்டுகொண்டாள். மற்றவர்கள் ஏறும்போது மழை அறைந்தது. பயிற்சியாளர் நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டே கத்தினார்: "அக்கா, உங்க ஆளுங்க ஆறு பேரும் வந்தாச்சா? எண்ணிச் சொல்லுங்க!"

மனிதர்களை எண்ணினால் ஆயுசு குறையும் என்பது அவள் வீட்டு வழக்கம். நடவுக்கு ஆள் வந்தால்கூட வரப்பில் இருக்கும் தூக்குவாளிகளைத்தான் எண்ணுவாள். அன்றைக்கும் அவர்களுக்குக் கொடுத்திருந்த மஞ்சள் சிலிண்டர்களை எண்ணினாள். ஆறு இருந்தன.

"வந்தாச்சு," என்றாள்.

படகு கிளம்பியது. ஆளுக்கொரு துண்டைத் தலையில் போட்டுக் குனிந்திருந்தார்கள், முகம் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்தார்கள். பலகை அழுந்தியது. முதுகில் குளிர் ஏறியது.

"குளிருதா?" திரும்பாமலே கேட்டாள்.

"ம்."

துண்டைப் பின்னால் நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது.

துறையில் இறங்கியவர்கள் ஐந்து பேர். அவள் நீட்டிய துண்டு பலகையில் நாலாக மடித்து வைத்திருந்தது.

அப்போதுதான் படகோட்டி சொன்னான்: சாமிதுரை தண்ணீரில் நின்றபடியே சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்தார், சிரித்துக்கொண்டு, மூச்சை இழுத்து அடக்கி, மறுபடி முங்கினார். அந்தப் பக்க ஏணியில் ஏறியிருப்பார் என்று அவன் நினைத்துவிட்டான்.

மூன்று நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனியில், ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், தீவுப் போலீஸ் கேட்டிருந்த வாக்குமூலத்துக்காக ஐந்து பேரையும் ஊர்க் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். மூஸாவின் காரில் போனார்கள்.

"அண்ணன் படகுல வந்துச்சு, அண்ணி," என்றாள் விஜயலட்சுமி. "எம் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் பேசினதுக்கு 'ம்'னுச்சு. வர்ற வழியில விழுந்திருக்கும். அப்படியே சொல்லிடுவோம். உங்க மேல என்ன தப்பு?"

"எங்கிட்டயும் பேசினாரு தங்கச்சி," என்றார் மூஸா. "தோள்ல கை வெச்சேன்."

அன்று படகில் விஜயலட்சுமி உட்கார்ந்திருந்தது பின்கோடியில். மூஸா நடுவில்.

"முகத்தைப் பாத்தீங்களா அண்ணே?" என்றாள் அம்சவல்லி.

மூஸா கியரை மாற்றினார்.

படகில் வந்தார் என்றால் அவள்மேல் பழி இல்லை. வரவில்லை என்றால், அவர் மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது படகு போய்க்கொண்டிருந்திருக்கும். நான்கு மாதமாக அவளும் அந்த 'ம்'மைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"படகுல திரும்பினது எத்தனை பேரும்மா?" என்று கேட்டார் காவல் நிலைய எழுத்தர்.

விஜயலட்சுமி அம்சவல்லியின் முந்தானையை இழுத்தாள்.

"அஞ்சு பேருங்க," என்றாள் அம்சவல்லி. "நான் ஆளை எண்ணல. சிலிண்டரை எண்ணிட்டு வந்தாச்சுன்னு சொன்னேன். அவரை விட்டுட்டு வந்தது நான். எழுதிக்குங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மூஸா கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான்கு பேரும் ஏறினார்கள். அவர் மூடவில்லை. வெறும் தெருவைப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினாற்போல நின்றார். ஷமீரா இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"சாத்துங்க அண்ணே," என்றாள் அம்சவல்லி. "அவர் அங்கேயேதான் இருக்காரு."