டிரஸ்ஸர் மோட்டாரின் பிளக்குகள்

ரப்பர் விலை விழுந்த வருஷம் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், போகிற அவசரத்தில் தம் மோட்டாரைத் தோட்டத்தில் ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சதாசிவத்துக்கு விற்றுவிட்டுப் போனார். துணிக்கூரை போட்ட வண்டி. வேகத்துக்கென்றே செய்த இன்ஜின். துரையும் அதை அதிகம் ஓட்டியதில்லை. சதாசிவமோ அவரைவிடவும் குறைவாகத்தான் ஓட்டினார். தினமும் சாயங்காலம் இன்ஜினைக் கிளப்பிச் சத்தம் கேட்பார், ஆபீஸ் திடலை மெள்ள ஒரு சுற்றுச் சுற்றுவார், திரும்பக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுப் போர்வை போர்த்துவார். தன்னைக்கூட இவர் இப்படிப் போர்த்தியதில்லையே என்று அவர் மனைவி ராசம்மா சிரித்துக்கொள்வாள்.

சில நாளாக வண்டி இருமத் தொடங்கியிருந்தது. இன்ஜினில் தீப்பொறி போடும் பிளக்குகளில் புது டப்பா ஒன்றைச் சதாசிவம் எப்போதோ சிங்கப்பூரிலிருந்து வாங்கி வைத்திருந்தார். ஆனால் மாற்ற மனம் வரவில்லை. கம்பெனிப் புத்தகம் சொன்ன மைலில் பாதிகூட ஓடவில்லை, நல்ல பொருளைக் கழற்றி எறிவதா என்று ராசம்மாவிடம் வாதாடினார்.

"ஆளுங்களுக்கு நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்து மருந்து குடுக்கிறீங்க. இதுக்கு மட்டும் மைலப் பாத்தா குடுப்பீங்க?" என்றாள் அவள்.

அவர் இன்னொரு கோப்பை காப்பி கேட்டார்.

அந்த வாரமே, ஒரு மத்தியானம், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பேச்சியம்மாளுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடப்பதைச் சதாசிவம் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டார். குளுவாங் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். தோட்டத்து லோரி சரக்கோடு வெளியே போயிருந்தது. போர்வையை உருவினார். ராசம்மா பின்சீட்டில் ஏறிப் பேச்சியம்மாளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ஏறுவதற்கு முன் பிளக் டப்பாவையும் எடுத்துக் காலடியில் போட்டாள்.

முதல் மேட்டிலேயே வண்டி திணறியது. பாதி ஏற்றத்தில் குலுங்கி நின்றுவிட்டது.

சதாசிவம் இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்தார், உடனே பின்சீட்டுக் கதவுக்கு ஓடினார், மறுபடி இன்ஜினுக்கு வந்தார். "நான் இவளப் பாத்துக்கிறேன். நீங்க அதப் பாருங்க," என்றாள் ராசம்மா தணிந்த குரலில்.

அவர் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வண்டியிலிருந்த ஸ்பானரால் சுடச்சுட ஒரு பிளக்கைக் கழற்றினார். நுனியெல்லாம் அடுப்புக்கரி. "ஓடித் தேயல. ஓடாம சும்மா நின்னு உறுமியே கரி புடிச்சிருக்கு. நாந்தான் கெடுத்தேன்," என்றார். மற்றவற்றையும் கழற்றிப் புதியவற்றை முடுக்கினார்.

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அந்த இன்ஜினுக்குள் அப்படியொரு பலம் இருந்ததை அவர்கள் இருவரும் அன்றுதான் அறிந்தார்கள். ரப்பர் மரங்கள் இருபுறமும் ஓடி மறைந்தன. வலிக்கு நடுவே பேச்சியம்மாள், "மெதுவா வேணாம்யா, இப்படியே போங்க," என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னதும் சதாசிவம் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ராசம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கரியும் எண்ணெயுமாக இருந்த அவர் விரல்களை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சேலை வீணாகிறதே என்று அவர் கையை இழுத்தார். அவள் விடவில்லை.

இனி மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன் என்றார் சதாசிவம். பார்த்தால் போதாது, ஓட்டவும் வேண்டும் என்றாள் ராசம்மா.

"எங்க போலாம், சொல்லு."

"தூரமா எங்கயாச்சும்."

அடுத்த ஞாயிறு இருவரும் தூரத்து ஊரான பத்து பாகாட் வரை போனார்கள். ஆற்றங்கரைக் கடையில் பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டார்கள். வண்டி வெயிலில் தூசி படிந்து நின்றது. அதைத் துடைக்க அவர் எழுந்திருக்கவே இல்லை.