ஒரு மணிக்குத் திறக்கும் கேட்

பள்ளிக்கூட கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான், என்ன காரியம் செய்துவிட்டோம் என்று பெரிய டீச்சருக்கு உறைத்தது. வெளியே நிற்பவை முதலாளியின் சினிமாக் கம்பெனி வண்டிகள். பள்ளியும் அவருடையதுதான். தண்ணீர்ப் பம்பு விற்ற லாபத்தில் கட்டி, இருநூறு பிள்ளைகளிடம் சல்லிக்காசு வாங்காமல் நடத்துகிறார். டீச்சருக்குச் சம்பளம் தருபவரும் அவரே.

உள்ளே பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. மற்ற வகுப்புகளுக்கு விடுமுறை என்று கேள்விப்பட்டு, பள்ளியே காலி என்று படப்பிடிப்புக்கு நாள் குறித்துவிட்டார் சினிமா மேனேஜர். மகா கெட்டிக்காரர்! அவர் கொண்டுவந்த ஜெனரேட்டர் காது கிழியக் கத்தியது.

"ஹீரோ பன்னெண்டு மணிக்கு ப்ளைட்டுக்குக் கிளம்பிடுவாரும்மா. இன்னிக்கு விட்டா படமே நின்னுரும்!"

"பரீட்சை ஒரு மணிக்கு முடியும். அப்புறம் வாங்க."

"முதலாளிகிட்டயே பேசிக்கறேன்."

டீச்சரின் கை இடுப்புக்குப் போயிற்று. ஆனாலும் சாவியை எடுக்கவில்லை.

முதலாளி வந்தார். நேரே போய் ஜெனரேட்டரை அணைத்தார். பிறகு கேட் கம்பி வழியாக ரகசியம் போலக் கேட்டார்.

"எத்தனை மணிக்கு முடியும் டீச்சர்?"

"ஒரு மணிக்கு சார்."

"சரி."

ஹீரோவின் கார் திரும்பிப் போயிற்று. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளியோ தெருவில் நின்று, ஹார்ன் அடிக்க வந்த வண்டிகளையெல்லாம் கைகாட்டி அடக்கிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வாட்ச்மேன் எந்தப் பள்ளிக்கு வாய்க்கும்!

ஒரு மணிக்கு டீச்சர் கேட்டைத் திறந்தாள்.

"என்னால உங்க படம் போச்சே சார். வேலையை விட்டுப் போன்னு சொன்னாலும் போயிடறேன்." சாவியை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"எட்டாவதுல எனக்கும் கணக்குப் பரீட்சைதான். பாதியில, நான் வேலை செஞ்ச ஒர்க்‌ஷாப் ஓனர் வந்து, அவசர வேலைன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு. அதோட என் படிப்பு முடிஞ்சுது. வாத்தியாருங்க பாத்துக்கிட்டுதான் நின்னாங்க." அவர் கேட்டைத் தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கு யாரும் கேட்டைப் பூட்டல டீச்சர்."

அவள் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளைக்கு அறிவியல் பரீட்சை.