ஓட்டுநர் இருக்கை

"யாராவது ஒருத்தர் டிரைவர் சீட்ல உக்காரலாம். ஒண்ணும் செய்ய வேணாம். காரே பாத்து ஓட்டும்."

மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னதை மேனேஜர் வாசு தமிழிலும் சொல்லி முடிப்பதற்குள் கபிரியேல் கையைத் தூக்கியிருந்தார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, கோலாலம்பூர் கார் கண்காட்சி. மண்டபத்தின் நடுவே தரையில் வளைந்து செல்லும் வெள்ளைக்கோடு. அதன்மேல், கூரையில் கேமரா பொருத்திய கார்.

அவர் கையிலிருந்த வெள்ளைக் கைத்தடியைப் பார்த்ததும் வாசுவின் குரல் இறங்கியது. "சோரி அங்கிள். கண்ணு தெரிஞ்சவங்கதான் உக்காரணும். இன்சூரன்ஸ் பிரச்சனை லா."

"கார்தானே பாக்கும்னு சொன்னீங்க? அப்புறம் என் கண்ணு எதுக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லூசி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போயிடலாம்."

கபிரியேல் நகரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர், வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். அப்பா ரயில் என்ஜின் ஓட்டினார், அண்ணன் லோரி ஓட்டினான். இவரை மட்டும் வாழ்நாளெல்லாம் யாராவது ஒருவர், "தலை பத்திரம்" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏற்றிவிடுவார். இந்தக் காரைப் பற்றி லூசி பேப்பரில் வாசித்துக் காட்டிய நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

"எனக்காகத்தான் இப்படி ஒரு கார் வரணும். என்னையே ஏத்த மாட்டேன்னா யாருக்கு இது?"

கேட்டுவிட்டுத் தடியைத் தட்டிக்கொண்டு நடந்தார். பானெட்டைத் தடவி, கண்ணாடியைத் தடவி, கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் அவர் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"செக்யூரிட்டி!" என்றார் வாசு.

லூசி ஒரு கணம் நின்றாள். பிறகு சுற்றிப் போய் அடுத்த சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். "பெல்ட் எங்க இருக்கு?"

பின்சீட்டில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த என்ஜினியர் ரமணி இருவருக்கும் பெல்ட் மாட்ட உதவினாள். வெளியே வாசு தலையாட்டி மறுப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே விசையை அழுத்தினாள்.

கார் நகர்ந்தது. ஸ்டியரிங் கபிரியேலின் விரல்களுக்குள் தானாக இடப்பக்கம் திரும்பியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வளைவு முடிந்ததும் கார் மெல்லக் குலுங்கி நின்றது.

"ஏன் நின்னுடுச்சி?"

"மேனேஜரு குறுக்க வந்து நிக்கிறாரு," என்றாள் லூசி.

கபிரியேல் ஸ்டியரிங்கின் நடுவே தடவினார். ஹார்ன் அகப்பட்டது. அழுத்தினார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் கையை எடுக்கவில்லை.